இழுப்பைத் தூண்டுவது எது?

1981க்கும் 1987க்கும் இடையில் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 26 நாட்கள் விபரீதமாக விடிந்தன. முந்தின நாள் வரை ஓரளவு நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆஸ்துமா நோயாளிகள் சில மணி நேரத்துக்குள் மூச்சுவிட முடியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் குவிந்தார்கள். செயற்கை சுவாசம் வைக்க வேண்டிய நிலைக்குப் பலர் போனார்கள், சிலர் இறந்தார்கள். வாகனப் புகை, ஆலைப் புகை என்று முதலில் வழக்கமான சந்தேகங்கள்தான் எழுந்தன. அந்த நாட்களின் காற்று மாசு அளவுகளோ அதற்குச் சரியான விளக்கம் தரவில்லை. பிறகு மருத்துவர்களும் தொற்றுநோயியல் ஆய்வாளர்களும் நோயாளிகளுக்கு மூச்சுத்திணறல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொடங்கியது என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். புள்ளிகள் துறைமுகத்தை ஒட்டி நெருங்கி விழுந்தன. துறைமுகப் பதிவேடுகளைப் புரட்டியபோது, நோய் கொத்தாக வந்த நாட்கள் கப்பலிலிருந்து சோயா இறக்கப்பட்ட நாட்களோடு பொருந்தின. பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் சோயாத் தூசிக்கு எதிரான ஒவ்வாமைப் புரதம் இருந்தது. தானியக் கிடங்கு ஒன்றின் உச்சியில் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லை என்பதும் தெரியவந்தது. 1987இல் வடிகட்டி பொருத்தினார்கள். அந்த நோய் அலை அடங்கியது.

அந்த ஆய்வாளர்கள் செய்த வேலையின் வரிசையைக் கவனிக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்தார்கள், பொருத்தம் தேடினார்கள், நோயாளியின் உடலில் அதற்குச் சான்று உண்டா என்று சோதித்தார்கள், காரணத்தை நீக்கினார்கள், நீக்கிய பிறகு நோய் குறைகிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். நம் வீடுகளில் ஆஸ்துமாவின் தூண்டுகாரணிகளைத் தேடும் முறை இதற்கு நேர் எதிராக இருக்கிறது. குழந்தைக்கு வீசிங் என்று தெரிந்த அன்றே வாழைப்பழம், தயிர், கொய்யா, எலுமிச்சை, குளிர்ந்த நீர் எல்லாம் தடைப்பட்டியலில் ஏறிவிடுகின்றன. அதே இரவில் அந்தக் குழந்தையின் கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருக்கும். இது பெற்றோரின் அலட்சியத்தால் நடப்பதல்ல. அக்கறை மிகுந்த வீடுகளில்தான் தடைப்பட்டியல் நீளமாக இருக்கிறது. ஊகத்தில் தேடுவதால் அந்த அக்கறை தவறான இடத்தில் செலவாகிறது என்பதே என் வாதம். உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் நேரும் மரணங்களிலோ ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இங்கே நிகழ்கின்றன என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தவறான இடத்தில் அக்கறையைச் செலவிட நம்மால் இயலாது.

தூண்டுகாரணி என்பது ஒரு பொருளின் குணம் மட்டுமல்ல, அதைச் சுவாசிக்கும் குழாயின் நிலையும்கூட. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சுவர், இழுப்பு இல்லாத நாட்களிலும் மெல்லிய அழற்சியோடு இருக்கிறது: சுவர் தடித்திருக்கும், சளிச் சுரப்பிகள் பெருத்திருக்கும், சுற்றியுள்ள தசை சிறு உறுத்தலுக்கும் சுருங்கக் காத்திருக்கும். பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் வறுக்கும் நெடி எல்லோருக்கும் இருமலைத் தரும். ஆஸ்துமாக்காரருக்கு மட்டும் அது இழுப்பாகிறது. தூண்டுகாரணிகளும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. புகை, நெடி, குளிர்ந்த வறண்ட காற்று போன்றவை அந்த நேரத்துக்குத் தசையைச் சுருக்குகின்றன. தூசி உண்ணி, கரப்பான், பூஞ்சை, மகரந்தம் ஆகியவை, அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம், அழற்சியையே வளர்க்கின்றன. இரண்டாம் வகைதான் அதிகம் ஏமாற்றுவது. அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயைப் பதம் பார்த்து வைத்திருக்கும். கடைசியில் ஒரு ஊதுபத்தியோ ஓட்டமோ இழுப்பைக் கிளப்பும்போது பழி அந்தக் கடைசிப் பொருளின் மேல் மட்டும் விழும்.

கண்ணால் பார்த்த அனுபவமே போதாதா என்று கேட்கலாம். இந்த நோயில் போதாது. அதற்கு உடலியல் காரணங்கள் உண்டு. ஒவ்வாமைப் பொருளைச் சுவாசித்தால் பலருக்கு இரண்டு முறை குழாய் சுருங்கும். முதல் சுருக்கம் சில நிமிடங்களில் வந்து ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும். மூன்று, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் இரண்டாவது சுருக்கம் நீடித்தது, சில சமயம் முதலாவதைவிடக் கடுமையானது. மாலை ஆறு மணிக்குப் பரணிலிருந்து பழைய துணி மூட்டையை இறக்கி உதறிய வீட்டில் குழந்தைக்கு இரவு பதினொரு மணிக்கு இழுப்பு வந்தால், நினைவில் நிற்பது எட்டரை மணிக்குச் சாப்பிட்ட தயிர்சாதம்தான். அதோடு, நுரையீரலின் திறன் எல்லோருக்குமே இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறி இறங்குகிறது. விடியற்காலை நான்கு மணியை ஒட்டி அது மிகக் கீழே இருக்கும், ஆஸ்துமாவில் அந்த இறக்கம் இன்னும் ஆழம். ஆக, நோய் கட்டுக்குள் இல்லாத ஒருவருக்கு எந்த இரவிலும் இழுப்பு வரக்கூடும். எந்த இரவு உணவும் குற்றவாளியாகத் தெரியும். வாழைப்பழம் நம்மூரில் இரவில் சாப்பிடும் பழம் என்பதே அதன் கெட்ட பெயருக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஐஸ்கிரீம் கதையும் இப்படித்தான். சளிக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ் உடலுக்குள் நுழைந்து ஓரிரு நாள் கழித்தே மூக்கொழுகல் தெரியும். அதற்குள் திருமண வீட்டில் சாப்பிட்ட ஐஸ்கிரீம்தான் நினைவுக்கு வரும், அங்கே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நான்கு குழந்தைகள் நினைவுக்கு வரமாட்டார்கள்.

உணவே தூண்டாது என்று நான் சொல்லவில்லை. பால், முட்டை, வேர்க்கடலை, மீன், இறால் போன்றவற்றுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, உணவால் வரும் இழுப்பு ஆபத்தானது; அது பெரும்பாலும் தோல் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி ஆகியவற்றோடு விரைவில் வரும். கெடாமல் இருக்க சல்ஃபைட் சேர்த்த உலர்பழங்களும் மதுவகைகளும் சிலருக்கு இழுப்பைத் தரும். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி இருமலைக் கிளப்பலாம். அங்கே திருத்த வேண்டியது உணவை அல்ல, சாப்பிடும் நேரத்தை. இவற்றுக்கு வெளியே, உணவு மட்டுமே ஆஸ்துமாவைத் தூண்டுவது அரிது. பெரியவர்களின் அனுபவத்தை இப்படி ஒதுக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் எளிது: ஒதுக்க வேண்டாம், சோதித்துப் பார்ப்போம். ஒரு பழம் மூன்று, நான்கு முறை, பகலில், சளியில்லாத நாட்களில் கொடுத்தும் எதுவும் நேரவில்லை என்றால் அதை விடுதலை செய்துவிடலாம். உடனடித் தடிப்போ வீக்கமோ ஒருமுறை வந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. அது மருத்துவரிடம் செய்ய வேண்டியது. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து பழத்தையும் பாலையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துவிடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, சந்தேகிக்கப்படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவற்றைப் பார்ப்போம். 2003இல் சீன, மலேசியக் கொசுவத்திச் சுருள்களை எரித்து அளந்த ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று அது கண்டது. இந்தத் துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை, மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் கடைக்கோடி வரை செல்பவை. சுருளின் மருந்தான பைரித்ராய்டு மிகக் குறைந்த பங்கு. மீதியெல்லாம் எரிவதற்கான மரத்தூளும் நிரப்புப்பொருளும்தான். புகைபிடிப்பவரை வாசலுக்கு அனுப்பும் வீடு, மூடிய படுக்கையறையில் இரவு முழுக்க இதை அனுமதிக்கிறது. ஊதுபத்தியும் அப்படித்தான், எரியும் ஒவ்வொரு கிராமுக்கும் அது சிகரெட்டைவிடப் பல மடங்கு துகள்களைத் தருவதாக அளவீடுகள் காட்டுகின்றன. தலைக்குக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது பாசத்தோடு செய்யும் வழக்கம். ஆனால் இரைப்பு உள்ள குழந்தையின் முகத்துக்கருகே புகையைக் கொண்டுபோவதற்கு எந்த நியாயமும் இல்லை. துண்டால் துவட்டினாலே முடி காயும். பூஜையை விடச் சொல்லவில்லை, எண்ணெய் விளக்கும் பூவும் இருக்கின்றன. ஊதுபத்தி வேண்டுமென்றால் நோயாளி உறங்கும் அறைக்கு வெளியே, சன்னலருகே ஏற்றிக்கொள்ளலாம். கொசுவின் விஷயத்தில் எதிர்க்கேள்வி கனமானது. டெங்குவும் மலேரியாவும் இருக்கும் ஊரில் சுருளை அணைக்கச் சொல்வது எளிதல்ல. ஆனால் சுருளுக்கு மாற்று வெறும் தைரியம் அல்ல, கொசுவலையும் சன்னல்வலையும்தான். ஒருமுறை செலவழித்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சன்னல்வலை, டெங்குவைப் பரப்பும் பகல்நேரக் கொசுவையும் வீட்டுக்குள் விடாது.

தூசி என்று பொதுவாகச் சொல்கிறோம். தெருத் தூசியைவிடப் படுக்கைத் தூசி மோசமானது. வீட்டுத் தூசியில் ஒவ்வாமை தருவது எது என்ற பழைய கேள்விக்கு 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் விடை கண்டார்கள்: கண்ணுக்கு எளிதில் புலப்படாத, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள தூசி உண்ணி. அது நம்மைக் கடிப்பதில்லை. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. ஒவ்வாமையைத் தருவது அதன் கழிவுத் துகள். அதிலுள்ள ஒரு நொதி மூச்சுக்குழாய்ச் சவ்வின் செல்களுக்கிடையிலான இணைப்புகளை அறுத்து உள்ளே வழி செய்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் இந்த உண்ணி பிழைக்காது. ஆகவே வறண்ட நாடுகளின் மலைப்பகுதிகளில் அது குறைவு. நம் கடற்கரை ஊர்களில் அந்த அளவு ஈரம் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் இருக்கிறது. உண்ணியின் கழிவுத் துகள் சற்றுக் கனமானது, காற்றில் மிதந்துகொண்டிருக்காது; மெத்தையைத் தட்டும்போதும் போர்வையை உதறும்போதும் புரண்டு படுக்கும்போதும் எழுந்து, சில நிமிடங்களில் மறுபடி படிந்துவிடும். அறையின் மூலையில் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்பான் இந்த ஒன்றுக்குப் பெரிதாக உதவாமல் போவது இதனால்தான். எட்டு மணி நேரம் முகம் புதைந்திருக்கும் தலையணைதான் களம். படுக்கை விரிப்பையும் உறைகளையும் வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அலசினால் உண்ணி சாகும், கழிவும் போகும். வெயிலும் உதவும்: கம்பளத்தை நேர் வெயிலில் காயவைத்தால் அதிலுள்ள உண்ணிகள் செத்துவிடுவதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். நம் மொட்டை மாடி வெயிலுக்கு அந்த வலிமை தாராளமாக உண்டு. ஆனால் செத்த உண்ணியின் கழிவு துணியிலேயே இருக்கும். காயவைத்தபின் அலசவோ, நோயாளி இல்லாத இடத்தில் தட்டவோ வேண்டும். தலைமுறைகளாகக் கோரைப்பாயில் படுத்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருந்திருக்கும். தடித்த மெத்தையும் பஞ்சு பொம்மைகளும் திரைச்சீலைகளும் நிறைந்த குழந்தைகள் அறைதான் உண்ணிக்குப் பிடித்த இடம்.

இந்த இடத்தில் அறிவியலே எழுப்பிய தடையைச் சந்திக்காமல் போவது நேர்மையாகாது. உண்ணி ஒழிப்பு முறைகள் பற்றிய 54 சோதனைகளை, மொத்தம் 3,002 நோயாளிகளை, ஒன்றாகத் திரட்டி அலசிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 2008இல் இவற்றால் ஆஸ்துமாவுக்குப் பயன் தெரியவில்லை என்று முடித்தது. அதற்கு முன்பே 2003இல் பிரிட்டனில் 1,122 பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்ணி புகாத படுக்கை உறைகள் கொடுத்து ஓராண்டு பார்த்ததிலும் வித்தியாசமில்லை. அப்படியானால் இவ்வளவு துவைப்பும் வீண்தானா? வேறு இரண்டு ஆய்வுகளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2004இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 ஏழைக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, ஒவ்வொரு குழந்தைக்கும் எதற்கு ஒவ்வாமை என்று தோல் பரிசோதனையில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உறை, கரப்பான் ஒழிப்பு, புகை தவிர்ப்பு என்று பலவற்றைச் சேர்த்துச் செய்தார்கள். ஓராண்டில் அறிகுறி இருந்த நாட்கள் ஏறக்குறைய 21 குறைந்தன, அந்தப் பலன் அடுத்த ஆண்டும் நீடித்தது. 2017இல் இங்கிலாந்தில், உண்ணி ஒவ்வாமை உறுதிப்படுத்தப்பட்டு ஏற்கெனவே இழுப்புக்காக மருத்துவமனைக்கு வந்த 284 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உண்ணி புகாத உறை கொடுத்தபோது, அடுத்த ஓராண்டில் கடும் இழுப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 29 விழுக்காடு. சாதாரண உறை பெற்றவர்களில் 42 விழுக்காடு. முரண்போலத் தெரியும் இந்த முடிவுகளை நான் இப்படிப் படிக்கிறேன்: யார் எவர் என்று பாராமல் ஒரே ஒரு முறையை எல்லோருக்கும் கொடுத்தால் பயனில்லை; குறிப்பிட்டவருக்குக் குறிப்பிட்ட ஒவ்வாமை என்று உறுதிசெய்து, போதிய அளவுக்குச் செய்தால் பயனுண்டு. விலையுயர்ந்த உறையும் கருவியும் விளம்பரம் பார்த்து வாங்குவதற்கு முன் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்துகொள்வதில் அர்த்தம் இருக்கிறது. கரப்பானுக்கும் இதே விதி. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் 102 குழந்தைகளின் வீடுகளைச் சேர்த்து நடத்திய ஆய்வில், கரப்பானுக்கு நச்சுத் தீனி வைத்த வீடுகளில் குழந்தைகளின் அறிகுறிகள் குறைந்தன. தெளிப்பான் மருந்தைவிட மூலையில் வைக்கும் பசைத் தீனி நல்லது, தெளிப்பதன் நெடியே இழுப்பைக் கொண்டுவரும்.

எல்லாத் தூண்டுகாரணியும் விலக்க வேண்டியதல்ல. ஓடினால் இரைக்கிறது என்று பிள்ளையை விளையாட்டு வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். இதுதான் மிகப் பெரிய தவறு. வேகமாக மூச்சுவிடும்போது குழாயின் உட்புறம் ஈரம் இழந்து வறள்வதால் சுருங்குகிறது. மெதுவாகத் தொடங்கிச் சூடேற்றிக்கொள்வதும், மருத்துவர் சொன்ன மருந்தை முன்கூட்டி எடுப்பதும் அதைத் தடுக்கும். ஓட முடியாத பிள்ளையின் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதே அதன் பொருள். விலக்கவே முடியாத காரணியும் ஒன்று உண்டு, அது சளிக் காய்ச்சல் வைரஸ். பள்ளிப் பிள்ளைகளின் இழுப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கில் வைரஸ் இருந்ததை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலும் ரைனோ வைரஸ். எந்தத் தாயாலும் பள்ளி செல்லும் பிள்ளைக்குச் சளி வராமல் காக்க முடியாது. பிறகு படுக்கையைத் துவைத்து என்ன பயன் என்றால், ஒவ்வாமையும் அந்தப் பொருளோடு அன்றாடப் புழக்கமும் வைரஸும் ஆகிய மூன்றும் சேர்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு பல மடங்கு கூடியதை மான்செஸ்டர் ஆய்வுகள் காட்டின. நம்மால் குறைக்கக்கூடியதைக் குறைத்து வைத்தால், குறைக்க முடியாதது வரும்போது அதன் வேகம் தணியும்.

இதே காரணத்தால்தான் தடுப்பு இன்ஹேலரைப் பற்றிப் பேசாமல் தூண்டுகாரணிகளைப் பற்றிப் பேச முடியாது. மூச்சோடு இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து 1970களின் தொடக்கத்தில் வந்தது; அது குழாயின் அழற்சியை அடக்கி, தூண்டுகாரணிக்கான பிடியையே தளர்த்துகிறது. அழற்சி அடங்கிய குழாய்க்கு நேற்று வரை எதிரியாக இருந்த தாளிப்பு நெடி இன்று வெறும் நெடி. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் மருந்துப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ஓராண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு தடுப்பு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 விழுக்காடு இறங்குவதை 2000இல் வெளியிட்டார்கள். உடனடி நிவாரணம் தரும் மருந்தை மட்டும் தனியாக நம்பியிருக்கும் சிகிச்சையைப் பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பரிந்துரைப்பதில்லை என்று ஜினா எனும் உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பு 2019இல் அறிவித்தது. இன்ஹேலர் பழகிவிடும், ஸ்டீராய்டு உடலைக் கெடுக்கும் என்ற அச்சம் நம்மிடையே ஆழமானது. அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடும் இழுப்புக்கு ஒரு பெரியவர் விழுங்கும் பிரெட்னிசலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். புடசனைடு எனும் ஸ்டீராய்டு இன்ஹேலரின் அன்றாட அளவு பலருக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். எடைக்கு எடை இரண்டின் வீரியமும் வேறுதான், ஆனால் இன்ஹேலர் மருந்து தேவையான இடத்துக்கு நேராகப் போகிறது, விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் பெரும்பாலும் அழித்துவிடுகிறது. பக்கவிளைவு அறவே இல்லை என்பதும் சரியல்ல: வாயில் வெண்புண் வரலாம், வாய் கொப்பளித்துத் துப்பினால் அது குறையும், சிறு வயதில் ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்ததை ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த ஒரு சென்டிமீட்டரை, தூக்கம் கெட்ட இரவுகளோடும் இழந்த பள்ளி நாட்களோடும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

தேடலை எப்படி நடத்துவது? ஒரு குறிப்பேடு, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும், மருந்துக்கடையில் கிடைக்கும் மலிவான பீக் ஃப்ளோ மீட்டர், சில வாரப் பொறுமை ஆகியவை போதும். காலையும் மாலையும் மூன்று முறை ஊதி அதிகபட்ச அளவை எழுதுங்கள். இழுப்பு வந்தால் அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேரத்தை எழுதுங்கள்: எங்கே இருந்தார், என்ன எரிந்தது, எதைப் பெருக்கினார்கள், யாருக்குச் சளி, எந்த மாத்திரை விழுங்கினார். வலி மாத்திரைகளில் ஆஸ்பிரின் வகையும், இரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா தடுப்பு மருந்துகளும், சில கண் சொட்டுமருந்துகளும் இழுப்பைக் கிளப்புவதுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்தத் தடையை நீக்கிவிடுங்கள். புகை மட்டும் இந்த விதிக்கு விலக்கு. அதைச் சோதிக்க வேண்டியதில்லை, இன்றே நிறுத்தலாம்.

2014இல் பிரிட்டன் தன் நாட்டில் நிகழ்ந்த 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்களில் 39 விழுக்காட்டினர் இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்களை வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்று தீர்வது நோய் கட்டுமீறிவிட்டதன் அடையாளம். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் நிவாரண இன்ஹேலர் எத்தனை நாளுக்கு ஒருமுறை தீர்கிறது என்று இன்று எண்ணிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்பட்டாலோ, இரவில் இருமலோ இழுப்போ தூக்கத்தைக் கலைத்தாலோ, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பேச்சு முறியும் அளவுக்கு மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண மருந்து எடுத்தும் தணியாவிட்டால், குறிப்பேட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.